நாற்று நடாத மூலை

குருவிநத்தம்
12.8.2024

வக்கீல் ரோஸ்லின் அம்மா அவர்களுக்கு,

அம்சவள்ளி எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஞாபகம் வராது. செத்துப்போன கலைவேந்தனின் பெண்சாதி என்றால் வரும். என்னைக் கூண்டில் நிறுத்தி, "உங்கள் கணவர் குடிப்பாரா?" என்று கேட்டீர்களே, அவள்தான். உங்கள் ஆபீசுக்குப் பலமுறை போன் போட்டேன். "மேடம் பிசி" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். நேரில் பேசினாலும் எனக்கு அழுகைதான் முந்தும். அதனால் கடிதம்.

ராமுவை விடுதலை செய்துவிட்டார்கள். சந்தேகத்தின் பலன் என்றார் நீதிபதி. என் வீட்டுக்காரர் ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் மீன் பிடிக்க வாய்க்கால் பக்கம் போனார். மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் மதகில் ஒதுங்கிக் கிடந்தார். வாய்க்காலை ஒட்டித்தான் ராமுவின் கரும்புக் கொல்லை. காட்டுப்பன்றிக்காக மோட்டார் கொட்டாயிலிருந்து கரண்டு இழுத்துக் கம்பி கட்டியிருந்தான், அதில் அடிபட்டவரைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டான் என்று ஊரே பேசியது. கோர்ட்டு என்றதும் பேசிய வாயெல்லாம் மூடிக்கொண்டது. கம்பியைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன ஆதிமூலம், கூண்டில் ஏறியதும் கம்பியா, எந்தக் கம்பி என்று கேட்டான். தண்ணீரில் ஊறிவிட்டதால் அது கரண்டு தழும்புதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

சண்டை போட எழுதவில்லை அம்மா. ராமு ஜெயிலுக்குப் போனால் என் வீட்டு உலை தானாகக் கொதிக்கப் போவதில்லை. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அவர் உயிர் எந்த இடத்தில் போனது?

எங்கள் பக்கம், ஆயுசு முடியாமல் போனவரை உயிர் போன இடத்துக்கே போய் அழைத்துவர வேண்டும். அங்கே பால் தெளித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடக்க வேண்டும். அவர் பின்னாலேயே வருவார். திரும்பிவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார். நான் மதகில்தான் பால் தெளித்தேன், மதகு மண்ணைத்தான் கொண்டுவந்தேன். அவர் வரவில்லை. கனவில் வாசல்வரை வந்து நிற்கிறார், உள்ளே வரமாட்டேன் என்கிறார். அவர் வேட்டி நனைந்திருக்கவில்லை அம்மா. தண்ணீரில் போனவர் ஏன் காய்ந்த வேட்டியோடு வருகிறார்?

உங்களுக்குத் தெரிந்திருக்கும். இடத்தை மட்டும் சொல்லுங்கள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
க. அம்சவள்ளி


வில்லியனூர்
21.8.2024

திருமதி அம்சவள்ளி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர் என்பதால் ராமுவுக்காக இலவச சட்ட உதவி மையம் என்னை நியமித்தது. கட்சிக்காரர் தன் வக்கீலிடம் எதைப் பேசினாலும் அதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கட்டு அவிழாது. ஆகவே நீங்கள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை.

அரசு மேல்முறையீடு செய்ய இன்னும் காலம் இருக்கிறது. செய்தால் நீங்கள் மறுபடி சாட்சியாகலாம். சாட்சியும் எதிர்த்தரப்பு வக்கீலும் கடிதம் எழுதிக்கொள்வது இருவருக்குமே நல்லதல்ல. இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் இழப்புக்கு என் வருத்தங்கள்.

ஆ. ரோஸ்லின்
வழக்கறிஞர்


குருவிநத்தம்
2.9.2024

வக்கீலம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். போலீசில் சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பத்தாவது வரைக்கும் படித்தவள்தான் நானும். 'எனக்குத் தெரியாது' என்று ஒரு இடத்திலாவது எழுதியிருக்கிறீர்களா? 'சொல்ல முடியாது' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். தெரியாதவர்கள் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குச் சட்டம் எதற்கு?

கோர்ட்டில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன். குடிப்பாரா என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை குடிப்பார் என்றேன். அதிகமாகவா என்றீர்கள். கூலி வந்தால் கொஞ்சம் அதிகம் என்றேன். விழுந்து கிடந்ததுண்டா என்றீர்கள். தீமிதித் திருவிழாவில் ஒரு தடவை என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். பொய் சொல்லியிருந்தால் என் புருஷன் மானமாவது மிஞ்சியிருக்கும். இப்போது என் மகள் சுகன்யா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "யம்மா, அப்பா குடிச்சிட்டு வாய்க்கால்ல வுழுந்துட்டாராமே, கோர்ட்டுலயே சொல்ட்டாங்களாமே" என்று கேட்கிறாள். இன்னா பதில் சொல்வேன் நான்?

உங்கள் அப்பாவும் அடுத்தவன் நிலத்தில் கூலி வேலை செய்தவர்தான் என்று சொல்கிறார்கள். எங்களைப் போன்ற குடும்பத்தில் பிறந்துவிட்டு, என்னை நிற்கவைத்து அப்படிக் கேட்க எப்படி அம்மா மனசு வந்தது?

அவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். நேற்றுச் சோறு போட்டு வைத்துக் கூப்பிட்டேன். தலையை ஆட்டினார். வழி தெரியாதவர் மாதிரி நின்றார்.

அம்சவள்ளி


வில்லியனூர்
15.9.2024

அம்சவள்ளிக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். என் அப்பாவைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள்.

அவர் பெயர் ஆரோக்கியம். நான் ஒன்பதாவது படிக்கும்போது அவர் வேலை பார்த்த வயலில் தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. அப்பாதான் எடுத்தார் என்று எல்லோருமே நம்பினார்கள். புதுச்சேரியில் ஒரு வக்கீலைப் பார்க்க அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த வக்கீல், "எடுத்தியா இல்லையான்னு உண்மையைச் சொல்லச் சொல்லு, அப்பத்தான் நான் வருவேன்" என்றார். எடுக்கவில்லை என்று அப்பா சொன்னதை அவர் நம்பவில்லை, வரவும் இல்லை. அப்பாவுக்காக ஒரு கேள்வி கேட்க அந்தக் கோர்ட்டில் ஆளில்லை. அவர் ஜெயிலில் இருக்கும்போதே அந்த மோட்டார் நிலத்துக்காரர் வீட்டுக் குளத்திலிருந்தே கிடைத்தது. திரும்பி வந்த மனுஷன் அதற்கப்புறம் அதிகம் பேசவே இல்லை.

அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன். என் கட்சிக்காரர் செய்தாரா என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டால் அப்புறம் நீதிபதி எதற்கு? அரசிடம் போலீஸ் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். கூண்டில் நிற்பவனுக்கு நான் ஒருத்தி. நிரூபியுங்கள் என்று அவனுக்காகக் கேட்க ஒருத்தியாவது இருக்க வேண்டும்.

உங்கள் கணவர் குடித்துவிட்டு விழுந்தார் என்று நான் சொல்லவில்லை. குடிப்பாரா என்றுதான் கேட்டேன். அது என் கடமை. மூன்றாவது கேள்வி தேவையில்லாதது. அதை நான் கேட்டிருக்க வேண்டாம். அதற்காக உங்களிடமும் சுகன்யாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இடத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்குத் தெரியும் என்றும் நான் எழுத முடியாது, தெரியாது என்றும் எழுத முடியாது. இரண்டுமே ஒன்றைச் சொல்லிவிடும்.

ரோஸ்லின்


குருவிநத்தம்
9.10.2024

வக்கீலம்மாவுக்கு,

உங்கள் அப்பாவை நினைத்துக் கஷ்டமாக இருந்தது. பாவம், எடுக்காத பொருளுக்கு அந்த மனுஷன் அனுபவித்தார். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் எடுக்கவில்லை, அதனால் அந்த வக்கீல் வந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். சரி. எடுத்திருந்தால்?

உங்கள் கடிதத்தின் கீழே இரண்டு வரி எழுதி அடித்திருந்தீர்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுச் சரண்யா நடவு ஆட்களோடு ராமு வயலுக்குப் போனாள். கரும்பை எடுத்துவிட்டு இந்த வருஷம் சம்பா வைக்கிறான். அது குத்தகை நிலம். வரப்பை வெட்டி வெட்டி அதிலும் இரண்டு முடி நாற்று வைக்கப் பார்க்கிறவன் அவன். வாய்க்கால் பக்கம் ஒரு மூலையில், ஒரு கட்டில் போடுகிற அளவு இடத்தை மட்டும் உழாமல் விட்டிருக்கிறானாம். சரண்யா நாற்றை எடுத்துக்கொண்டு அங்கே போனபோது, "அங்க கால வெக்காத, வெளியே வா" என்று கத்தினானாம். "இன்னாய்யா, பூமியைப் போய் சும்மா போட்டு வெச்சிகினு" என்று இவள் கேட்டாளாம். துண்டை வாயில் வைத்துக்கொண்டு போய் மோட்டார் கொட்டாயில் உட்கார்ந்துகொண்டானாம்.

அடுத்த நாள் நானே போய்ப் பார்த்தேன். சுற்றிலும் பச்சை நாற்று, நடுவே தண்ணீர், அந்த மூலை மட்டும் மேடாகக் காய்ந்து கிடக்கிறது. காய்ந்த வேட்டிக்கு அர்த்தம் அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

நீங்கள் வாய் திறக்க வேண்டாம். தீபாவளி அமாவாசை அன்று அந்த மூலையில் பால் தெளிக்கப் போகிறேன். தப்பான இடத்தில் ஒரு தடவை கூப்பிட்டாகிவிட்டது. இன்னொரு தடவையும் தப்பினால் அவர் வரவே மாட்டார். அது தப்பான இடம் என்றால் எனக்கு எழுதுங்கள். சரியான இடம் என்றால் எழுதாதீர்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதாக ஆகாது. பேசாமல் இருப்பதற்குமா சட்டம் போட்டிருக்கிறார்கள்?

அம்சவள்ளி


வில்லியனூர்
17.10.2024

அம்சவள்ளிக்கு,

நீங்கள் வக்கீலாகியிருக்க வேண்டியவர். என்னை நன்றாகக் கட்டிப்போட்டுவிட்டீர்கள்.

கடிதம் வந்ததிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. எழுதாமல் இருந்தால் போதும், எவ்வளவு சுலபம். கை சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் என்னிடம் நம்பிப் பேசிய மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் பேசியது இது, அது என்று சொல்லவில்லை, பேசினார், அவ்வளவுதான். என் மௌனத்தை நீங்கள் பதிலாக எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரிந்தே மௌனமாக இருந்தால், அது நான் பேசியதாகத்தான் ஆகும்.

அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதம் வந்துவிட்டதால் அது தப்பான இடம் என்று நினைக்காதீர்கள். சரியான இடம் என்றும் நினைக்காதீர்கள். நீங்கள் பாகூர் ஏரிக்கரையைச் சொல்லியிருந்தாலும், உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தைச் சொல்லியிருந்தாலும் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நம்புங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

அமாவாசைக்கு அடுத்து எங்களுக்குக் கல்லறைத் திருநாள் வருகிறது. அப்பாவின் கல்லைக் கழுவிப் பூப் போட்டு மெழுகுவத்தி ஏற்றுவேன். எனக்குப் போய் நிற்க ஒரு கல் இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

எடுத்திருந்தால் என்று கேட்டீர்கள். எடுத்திருந்தாலும் அந்த வக்கீல் வந்திருக்க வேண்டும். இதை எழுத எனக்கு ரொம்ப நேரமாயிற்று.

ரோஸ்லின்


குருவிநத்தம்
6.11.2024

வக்கீலம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடலாம் என்று கோபம் வந்தது. கல்லு மனசு என்று திட்டினேன். போகட்டும். நானே முடிவு செய்துகொண்டு போனேன்.

அமாவாசை அன்று பொழுது சாய்கிற நேரம். வயலில் ஆளில்லை. அந்த மூலையில் உட்கார்ந்து பால் தெளித்தேன். "ஏங்க, வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது முறை. கட்டிய புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, வாய் வரவில்லை. அப்புறம் மனசைத் தேற்றிக்கொண்டு, "கலைவேந்தா" என்று கூப்பிட்டுவிட்டேன். மண்ணை எடுத்து முடிந்துகொண்டு எழுந்து நடந்தேன்.

நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னால் வரப்பில் காலடிச் சத்தம். வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அழுகைச் சத்தம் கேட்டது, ஆம்பளை அழுகிற சத்தம்.

"தங்கச்சி, ராமு பேசறேன். திரும்பிடாத. நீ பாட்டுக்குப் போய்க்கினே இரு, நான் பின்னாலயே வந்து சொல்றேன்."

நான் நிற்கவில்லை. அவனும் நடந்துகொண்டே சொன்னான்.

"பன்னிக்குத்தான் கட்னேன் தங்கச்சி. எப்பவும் இருட்னப்புறம்தான் சுச்சு போடுவேன். அன்னிக்கு பாகூர் போற வேலை, வெளிச்சத்துலயே போட்டுட்டுப் போய்ட்டேன். காலைல வந்து பாத்தா அந்த மூலைல கெடக்கறாரு. பயத்துல எனக்கு ஒண்ணும் தெரியல. தூக்கி வாய்க்கால்ல வுட்டுட்டேன். அந்த எடத்துல ஏர் ஓட்ட எனக்குக் கை வரல. வக்கீலம்மா கிட்ட மொத நாளே சொல்ட்டேன். அவங்க, யார் கிட்டயும் வாய் தொறக்காதன்னாங்க."

ஊர் விளக்கு தெரிகிற இடம்வரைக்கும் பின்னாலேயே வந்தான். அப்புறம் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பவில்லை. நேராக வீட்டுக்கு வந்து வாசலில் விளக்கு வைத்து மண்ணை உள்ளே கொண்டுபோனேன். அன்றிலிருந்து கனவில் அவர் வாசலில் நிற்பதில்லை. உள்ளே வந்துவிட்டார். வீடே அமைதியாகிவிட்டது.

ஆனால் எனக்கு அமைதி இல்லை. முதல் நாளே உங்களுக்குத் தெரியும். அவர் எங்கே கிடந்தார் என்று தெரிந்துகொண்டேதான் என்னிடம் குடிப்பாரா என்று கேட்டீர்கள். அந்த வாய்தானே அம்மா அது?

அரசு வக்கீல் ஆள் அனுப்பியிருந்தார். மேல்முறையீடு போடுகிறார்களாம். ராமு சொன்னதை அப்படியே சொல்லிவிடப் போகிறேன். அவன் மேல் எனக்கு இப்போது அவ்வளவு ஆத்திரம்கூட இல்லை. தப்பு செய்தவன் ஒத்துக்கொண்டான். ஆனால் என் மகளுக்கு அவள் அப்பா எப்படிச் செத்தார் என்று ஒரு தீர்ப்பில் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் மறுபடி வந்து கேளுங்கள். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

அம்சவள்ளி


வில்லியனூர்
14.11.2024

அம்சவள்ளிக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் எனக்கு எழுதியிருக்கக் கூடாது. அரசு வக்கீலிடம் சொல்லியிருக்க வேண்டும். நாம் இத்தனை கடிதம் எழுதிக்கொண்டதில், நான் எதிர்த்தரப்பு என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். நானும்தான் மறந்துவிட்டேன்.

என் கட்சிக்காரருக்கு எதிராக என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தால் அதை அவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்று எழுத முடியாது. அவர் உங்களிடம் பேசினார் என்பதற்கும் நான் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லப் போவதில்லை.

வழக்கை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மாதாகோயிலில் போய் உட்கார்ந்துகூடப் பார்த்தேன். இந்த நேரத்தில் நான் விலகினால், ரோஸ்லின் ஏன் விலகினாள் என்று கோர்ட்டே புரிந்துகொள்ளும். நான் எழுந்து போவதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். அதனால் இருக்கிறேன்.

அந்த வாய்தானா என்று கேட்டீர்கள். ஆமாம், அதே வாய்தான். வேறு வாய் எனக்கு இல்லை.

சாட்சியிடம் ஒரு வக்கீல் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லிவிடுகிறேன். யார் எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்கள். நான் கேட்டாலும்.

வழக்கு முடியும்வரை இனி எழுத வேண்டாம். இந்தத் தடவை நிஜமாகவே சொல்கிறேன்.

ரோஸ்லின்


குருவிநத்தம்
28.3.2025

வக்கீலம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இத்தனை மாதம் எழுதவில்லை. புயல் வெள்ளத்தில் எங்கள் தெருவே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோதுகூட எழுதவில்லை. இப்போது என் சாட்சி முடிந்துவிட்டது. இனி என்னிடம் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

உயர்நீதிமன்றம் சொன்னபடி புதுச்சேரி கோர்ட்டிலேயே மறுபடி கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். பால் தெளித்தது, மண் எடுத்தது, ராமு பின்னால் வந்து பேசியது எல்லாம். அப்புறம் நீங்கள் எழுந்தீர்கள். குடியைப் பற்றிக் கேட்பீர்கள் என்று பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். நீங்கள் கையில் எதையும் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"திரும்பிப் பார்த்தீர்களா?" என்றீர்கள்.

"இல்லை" என்றேன்.

"பேசியவர் முகத்தை ஒரு தடவையாவது பார்த்தீர்களா?"

"இல்லை."

"வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டீர்கள். அவ்வளவுதான். ராமு தலையைத் தூக்கவே இல்லை.

அந்தக் கேள்வியை உங்கள் கையில் கொடுத்தவளே நான்தான். திரும்பவில்லை என்று நான்தானே எழுதினேன். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்ததும் அரசு வக்கீல், "ஒரே ஒரு தரம் திரும்பிப் பாத்திருந்தா இன்னாம்மா கெட்டுப் போயிருக்கும்?" என்று கத்தினார். அந்த மனுஷனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்? திரும்பியிருந்தால் கேஸ் ஜெயித்திருக்கும். அவர் வீட்டுக்கு வந்திருக்கமாட்டார். எனக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று விதித்திருந்தது. நான் அவரை எடுத்துக்கொண்டேன்.

ராமு குத்தகையை விட்டுவிட்டான். வெள்ளம் கொண்டுவந்த வண்டல் அந்த மூலையை மூடிவிட்டது. புதிதாக எடுத்தவர் வயல் முழுக்க உழுதுவிட்டார். சரியாக எந்த இடம் என்று இப்போது எனக்கே தெரியாது. அந்த இடத்து மண் என்று மிஞ்சியிருப்பது என் வீட்டில் முடிந்து வைத்திருக்கும் ஒரு பிடிதான்.

சுகன்யாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எந்தக் கோர்ட்டும் எழுதாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

அம்சவள்ளி


வில்லியனூர்
5.11.2025

அம்சவள்ளிக்கு,

மேல்முறையீடு தள்ளுபடியானது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்ட கேள்வியையும் நீங்கள் சொன்ன பதிலையும் தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். என்னைப் பாராட்டிப் பேசினார்கள். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

என் கட்சிக்காரர் என்னிடம் சொன்னது எதையும் நான் சாகும்வரை சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்கு வரும் கனவைச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம். அதைப் பூட்டி வைக்க எந்தச் சட்டமும் இல்லை. ஒரு வருஷமாகத் தேடி, நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான் என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

என் வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். முகம் தெரியவில்லை. காய்ந்த வேட்டி. உள்ளேயும் வருவதில்லை, போகவும் மாட்டேன் என்கிறார். கல்லறைத் திருநாளன்று அப்பாவின் கல்லுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அதன் பக்கத்தில் வெறும் மண்ணில் இன்னொன்றும் ஏற்றி வைத்தேன். யாருக்கு என்று அம்மா கேட்டார், சொல்லவில்லை. அன்றைக்கும் வந்து நின்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அம்சவள்ளி. எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். உங்களிடம் உதவி கேட்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். அவரை எப்படி அனுப்பிவைப்பது?

ரோஸ்லின்


குருவிநத்தம்
12.11.2025

வக்கீலம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவர் படத்துக்கு முன்னால் வைத்துப் படித்தேன். அவர் இங்கேதான் இருக்கிறார். ஒரு நாளும் வெளியே போகவில்லை. சுகன்யா பரீட்சைக்குப் போகும்போது அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறாள்.

அதனால் உங்கள் வாசலில் நிற்பது அவர் இல்லை. வேட்டி காய்ந்திருந்தால் எல்லோரும் என் புருஷன் ஆகிவிடமாட்டார்கள். அது வேறு யாரோ. பெயரைக் கேளுங்கள். கேள்வி கேட்கத்தான் உங்களுக்குத் தெரியுமே. அவர் என்ன பதில் சொன்னாலும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

அம்சவள்ளி